உஸ்தாதின் பக்கத்தில் அமர்ந்து கற்ற ஹகீம் அஜ்மல் கான்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின்பு, எர்ணாவூரில் நமது மஹல்லாவைச் சேர்ந்த பையன் ஒருவன் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் நமக்காகக் காத்து நின்றான். ப்ளஸ் டூவில் அறிவியல் படித்துத் தேறியவன். தந்தைக்கு உடல்நலம் குன்றியதால் மேற்கொண்டு படிக்க இயலாமல், ஒரு சிறிய கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்திருந்தான். மூன்றாண்டுகளில் அவன் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவான், பிரஷர் பார்ப்பான், மருந்து எடுத்துக் கொடுப்பான், ஊசியும் போடுவான். டாக்டர் வரத் தாமதமாகும் நாட்களில் நோயாளிகள் அவனிடமே மருந்து கேட்கத் தொடங்கிவிட்டனர். தெருவில் சிலர் அவனைச் சின்ன டாக்டர் என்று அழைக்கவும் ஆரம்பித்திருந்தனர்.

அவன் நம்மிடம் கேட்டது இரண்டு கேள்விகள். தான் செய்யும் இந்த வேலை மார்க்கத்தில் ஆகுமா என்பது ஒன்று. மூன்றாண்டு கற்றதற்கு ஒரு துண்டுக் காகிதம் கூட எழுதித் தர முடியாது என்று முதலாளி கைவிரித்துவிட்டார். அப்படியானால் தான் கற்றது கல்விதானா, இல்லையா என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வி நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது. ஏனெனில் நாம் வாழும் இந்தப் பகுதி அப்ரண்டிஸ் என்ற சொல்லைத் தாய்ப்பாலோடு பருகிய பகுதி. எண்ணூர் அசோக் லேலண்டு, திருவொற்றியூர் என்ஃபீல்டு முதலிய தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாக நுழைந்து, மேஸ்திரியின் பின்னால் நின்று கடைசல் பிடிக்கக் கற்று, பின்னர் அதே இடத்தில் தொழிலாளியாகி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நமது தெருக்களில் நிறையப் பேர் உண்டு. 1961-ல் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. இரும்பைக் கையாள அப்படிக் கற்கலாம் என்றால், மனித உடலைக் கையாள அவ்விதம் கற்பது எப்படி? அதற்கு எல்லை எது?

இந்தக் கேள்விக்கு நூல்களைப் புரட்டி விடை சொல்வதைவிட, அவ்வாறே கற்று இந்தியா முழுவதும் புகழ்பெற்ற ஒரு மாமனிதரின் வாழ்வைச் சொல்வது மேல் என்று நமக்குத் தோன்றியது. அவர்கள்தாம் மஸீஹுல் முல்க் என்று மக்களால் அழைக்கப்பட்ட மர்ஹூம் ஹகீம் ஹாபிழ் முஹம்மது அஜ்மல் கான் சாகிப் அவர்கள். சுதந்திரப் போராட்டத் தலைவர் என்ற அளவில் அவர்களைப் பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். வைத்தியர் என்ற முறையில், அதிலும் மாணவர் என்ற முறையில் அவர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஷரீப் மன்ஸில்

ஹிஜ்ரி 1284 ஷவ்வால் பிறை 17, அதாவது 1868 பிப்ரவரி 11 அன்று டில்லியில் அன்னார் பிறந்தார்கள். பழைய டில்லியில் பல்லிமாரான் என்னும் தெருவில் ஷரீப் மன்ஸில் என்றொரு மாளிகை. மொகலாய அரசர்களுக்கு வைத்தியம் பார்த்த ஹகீம் ஷரீப் கான் அவர்களின் பெயரால் வழங்குவது. அது வீடு மட்டுமன்று. நோயாளிகள் வந்து குவியும் வைத்தியசாலையும் அதுவே, மாணவர்கள் அமர்ந்து பாடம் கேட்கும் மதரஸாவும் அதுவே. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் வைத்தியம் வழிவழியாக வந்தது.

தந்தையார் ஹகீம் மஹ்மூத் கான் அவர்கள் பாட்டியாலா சமஸ்தானத்துக்கு வைத்தியராக இருந்தவர்கள். 1857-ல் டில்லி சூறையாடப்பட்டபோது, பாட்டியாலா மகாராஜா தமது வீரர்களை அனுப்பி அந்தத் தெருவைக் காவல் காத்தார். அதனால் அங்கு அடைக்கலம் புகுந்த பலர் உயிர் தப்பினர். அதே தெருவில் குடியிருந்த கவிஞர் மிர்ஸா காலிபும் அவர்களுள் ஒருவர். ஒரு வைத்தியரின் கைராசி ஒரு தெருவையே காத்தது என்று சொன்னால் மிகையாகாது.

சிறுவர் அஜ்மல் முதலில் கற்றது மருந்தன்று, குர்ஆன். இளமையிலேயே ஹாபிழ் ஆனார்கள். பிறகு அரபி, பார்ஸி, இலக்கணம், தர்க்கம் முதலிய கலைகள். அதன் பின்னரே வைத்தியம். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். ஹிப்ழு செய்வது எப்படி? முஸ்ஹபைப் பார்த்துத் தானே மனனம் செய்துகொண்டால் போதுமா? போதாது. உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு, உஸ்தாதின் முன்னால் ஓதிக் காட்டி, ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்திலிருந்து வெளிப்படுகிறதா என்று அவர் சரிபார்த்து, போதும் என்று அவர் சொன்ன பின்னரே அது ஓதலாகும். அந்த உஸ்தாதும் அவ்வாறே தம் உஸ்தாதிடம் ஓதியவர். இந்தப் பழக்கத்தில் ஊறிய பிள்ளைக்கு, வைத்தியத்தையும் அவ்வழியே கற்பது இயல்பாகவே அமைந்திருக்கும்.

யூனானி வைத்தியத்தில் அன்றிருந்த பயிற்சி முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஹகீம் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு மதப் என்று பெயர். மாணவர் ஒருபுறம் நூல்களைப் பாடம் கேட்பார். கானூன்சா போன்ற சிறு நூலில் தொடங்கி, ஷரஹுல் அஸ்பாப் வழியாக, இப்னு ஸீனா அவர்களின் பெருநூலான அல்கானூன் வரை செல்வது வழக்கம். மறுபுறம் மதபில் வந்து அமர்வார். முதலில் வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. மருந்துச் சரக்குகளைக் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் இனம் கண்டுகொள்ள வேண்டும். இடிப்பதும் சலிப்பதும் காய்ச்சுவதும் தெரிய வேண்டும். பிறகு நுஸ்கா எழுதும் பணி. ஹகீம் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, மருந்துகளையும் அளவுகளையும் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவர் அதைத் தாளில் எழுதித் தர வேண்டும். பார்ப்பதற்கு இது ஒரு குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் பயிற்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. இன்று காலையில் காய்ச்சலோடு வந்த இருவரில் ஒருவருக்கு ஒரு மருந்தையும் மற்றவருக்கு வேறொரு மருந்தையும் உஸ்தாத் ஏன் சொன்னார் என்று மாணவரின் மனம் தானாகவே கேட்கத் தொடங்கும். நாட்கள் செல்லச் செல்ல, உஸ்தாத் வாய் திறப்பதற்கு முன்பே இன்ன மருந்துதான் வரப்போகிறது என்று ஊகிக்கும் நிலை வரும். ஊகம் தவறும் இடத்தில் பாடம் கிடைக்கும். அதற்குப் பின்னரே நாடி பார்க்க அனுமதி. மாணவர் முதலில் பார்ப்பார். உஸ்தாத் மறுபடி பார்ப்பார். நோயாளி ஒருபோதும் மாணவரின் கையில் தனியாக விடப்படுவதில்லை.

நமது மஹல்லாப் பையனின் நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே வெளிப்படுகிறது. அவன் மூன்றாண்டு பார்த்தான், செய்தான். ஆனால் அவன் செய்ததை மறுபடி பார்த்துத் திருத்த ஒருவர் இல்லை.

அஜ்மல் கான் சாகிப் அவர்கள் தந்தையாரிடமும், தமையன்மார்களான ஹகீம் அப்துல் மஜீது கான், ஹகீம் வாஸில் கான் ஆகியோரிடமும், குடும்பத்து மூத்தோரிடமும் இவ்வாறு பயின்றார்கள். 1892-ல் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியராக அழைக்கப்பட்டார்கள். வயது அப்போது இருபத்து நான்கு. ராம்பூரில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, புகழ்பெற்ற அரண்மனை நூலகத்தின் பொறுப்பும் அவர்களிடம் இருந்தது. உஸ்தாதிடம் பெற்றதை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வாய்ப்பாக அமைந்தது. பல்லாண்டுகள் அங்கே கழிந்தன.

குடும்பக் கல்வி ஊர்க் கல்வியானது

தந்தைக்குத் தெரிந்தது மகனுக்கு, மகனுக்குத் தெரிந்தது பேரனுக்கு என்று வரும் கல்வியில் சிறப்பும் உண்டு, கேடும் உண்டு. கேட்டை நாம் மறைக்கத் தேவையில்லை. ஹகீம்களின் குடும்பங்களில் பயாஸ் எனப்படும் குறிப்பேடுகள் இருக்கும். கைகண்ட மருந்துகள் அதில் எழுதப்பட்டிருக்கும். அன்னியர் கண்ணில் படாது. நம் ஊர் நாட்டு வைத்தியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு என்பதை அறிவோம். வைத்தியர் கண்மூடினால் மருந்தும் கண்மூடிவிடும். மேலும், ஹகீமின் மகன் என்ற ஒரே தகுதியில் நாடி பிடித்தவர்களும் இருந்தனர். அவர்கள் உண்மையிலேயே கற்றவர்களா என்று கேட்க யாரும் இல்லை.

இதை மாற்ற முனைந்தவர்கள் மூத்த தமையனார் அப்துல் மஜீது கான் அவர்கள். 1883-ல் டில்லியில் மதரஸா திப்பியா என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் பிள்ளைகளும் பாடத்திட்டப்படி படித்து, பரீட்சை எழுதி, ஸனது பெற வேண்டும் என்பது நோக்கம். இரு தமையன்மார்களும் அடுத்தடுத்து வஃபாத் ஆனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளியின் பொறுப்பும், மதபின் பொறுப்பும், குடும்பத்தின் பொறுப்பும் அஜ்மல் கான் சாகிப் அவர்களின் தோளில் வந்து இறங்கின.

அவர்கள் செய்த முதற்பெரும் காரியம் ஹிந்துஸ்தானி தவாகானா. மருந்துகளைத் தரமாகத் தயாரித்து விற்பதற்கான நிலையம் அது. குடும்பத்துக் கைகண்ட மருந்துகளும் அங்கே தயாராயின. வருமானம் குடும்பப் பெட்டிக்குள் போகவில்லை. கல்விப் பணிக்குச் சென்றது. தலைமுறைகளாகப் பூட்டி வைத்த குறிப்பேட்டைத் திறந்து, அதன் பயனை ஊராருக்கு எழுதி வைப்பது எளிதான செயலா? சொத்தைத் தருமம் செய்தவர்கள் நம் சமுதாயத்தில் பலர் உண்டு. தொழில் இரகசியத்தைத் தருமம் செய்தவர்கள் அரிது.

இந்தத் தவாகானாவில் வேலை பார்த்து மருந்துச் சரக்குகளைப் பற்றிக் கற்றவர்களுள் ஒருவர் ஹகீம் ஹாபிழ் அப்துல் மஜீது. (தமையனார் வேறு, இவர் வேறு, பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.) இவர் 1906-ல் டில்லியில் சொந்தமாக ஒரு சிறு மருந்துக்கடை வைத்தார். அதற்கு ஹம்தர்து என்று பெயரிட்டார். ரமளானில் இஃப்தார் நேரத்தில் நமது வீடுகளில் பாலில் கலக்கும் ரூஹ் அஃப்ஸா அந்தக் கடையில் பிறந்ததுதான்.

1909-ல் மதரஸா திப்பியாவை ஒட்டிப் பெண்களுக்கென ஒரு பகுதி தொடங்கப்பட்டது. தாய் எனப்படும் மருத்துவச்சிகளுக்கு அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. இதை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மருத்துவச்சித் தொழில் அன்று முழுக்க முழுக்கக் கைப்பழக்கமாக வந்த தொழில். தாயின் பின்னாலும் மாமியாரின் பின்னாலும் போய்ப் பார்த்துப் பழகியதுதான். கைப்பழக்கம் பலரிடம் நன்றாகவே இருந்தது. சுத்தம் இல்லை. தொப்புள்கொடியை அறுத்த கருவி எதுவென்று கேட்பாரில்லை. அதனால் மாண்ட தாய்மார்களும் சிசுக்களும் எத்தனையோ! ஹகீம் சாகிப் அவர்கள் அந்தப் பெண்களை வெறுத்து ஒதுக்கவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் என்று விரட்டவுமில்லை. அவர்கள் கையிலிருந்த பழக்கத்தை மதித்து, இல்லாத அறிவைச் சேர்த்துக் கொடுக்க முயன்றார்கள். பர்தாவில் இருக்கும் பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மேடையில் பேசுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதற்காக ஒரு பள்ளியைத் திறந்தவர்கள் எத்தனை பேர்?

லண்டனில்

1911-ல் அன்னார் ஐரோப்பா சென்றார்கள். மேல்நாட்டு மருத்துவமனைகளும் மருத்துவப் பள்ளிகளும் எப்படி நடக்கின்றன என்று நேரில் காண்பது பயண நோக்கங்களுள் முக்கியமானது. லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அப்போது டாக்டர் முக்தார் அஹ்மது அன்சாரி பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் காங்கிரஸ் தலைவராக விளங்கிய அதே அன்சாரி அவர்கள்தாம். நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து சென்றவர்கள் என்பது நமக்குப் பெருமை.

அன்சாரி அவர்கள் ஹகீம் சாகிபைத் தம் மூத்த அறுவை மருத்துவர் டாக்டர் ஸ்டான்லி பாய்டிடம் அழைத்துச் சென்றார்கள். (நம் ஊர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அது சென்னைக் கவர்னராக இருந்த ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் 1934-ல் வழங்கலாயிற்று.) அங்கே ஒரு நோயாளி. பித்தப்பையில் கோளாறு என்பது பாய்டின் கருத்து. ஹகீம் சாகிப் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் பழைய புண் இருப்பதே காரணம் என்று கருதினார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் சாகிபின் கணிப்பே சரியாயிருந்தது என்றும், பாய்டு பெருந்தன்மையோடு அதை ஒப்புக்கொண்டு விருந்தளித்தார் என்றும் அன்னாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இந்த நிகழ்ச்சியை யூனானியின் வெற்றி, ஆங்கில வைத்தியத்தின் தோல்வி என்று முழங்குவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. கணித்தவர் ஹகீம், வயிற்றைத் திறந்து புண்ணைக் கண்டது ஆங்கில வைத்தியக் கத்திதான். ஹகீம் சாகிப் அவர்களும் அப்படி முழங்கித் திரியவில்லை. அந்தப் பயணத்தில் அவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். லண்டனிலும் கல்லூரியில் புத்தகம் படித்தவரை நேராக நோயாளியிடம் அனுப்பிவிடுவதில்லை. ஹவுஸ் சர்ஜன் என்ற பெயரில் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, மூத்தவரின் கண்பார்வையில் வேலை வாங்குகிறார்கள். பல்லிமாரான் மதபில் நுஸ்கா எழுதிய மாணவருக்கும் சேரிங் கிராஸ் வார்டில் இரவு முழுதும் விழித்திருந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் உடைதான் வேறு. நமது ஸ்டான்லியிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஓராண்டு அவ்வாறே வேலை பார்த்த பின்னர்தான் டாக்டராகப் பதிவு பெறுகிறார்கள்.

இன்னொன்றும் நம் சென்னையைப் பற்றிச் சொல்லலாம். 1835-ல் ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அங்கே சேர்ந்தவர்களுள் ஒரு பிரிவினருக்கு மெடிக்கல் அப்ரண்டிஸ் என்றே பெயர். 1877-ல் இராயபுரத்தில் தொடங்கிய பள்ளியும் ஆஸ்பத்திரி உதவியாளர்களைத் தயாரிக்க ஏற்பட்டதே. அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. மருத்துவத்தில் அப்ரண்டிஸ் என்பது நமது வட்டாரத்துக்கு அன்னியமான சொல்லன்று.

கல்லூரி

அக்காலத்தில் மாகாணந்தோறும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் வரத் தொடங்கின. பம்பாயில் 1912-ல், சென்னையில் 1914-ல். ஆங்கில முறையில் பட்டம் பெற்றவர்களே டாக்டர்களாகப் பதிவாகலாம் என்ற நிலை. ஹகீம்களும் வைத்தியர்களும் அதற்குள் வரமாட்டார்கள். ஹகீம் சாகிப் அவர்கள் இதற்கு முன்னரே ஆபத்தை உணர்ந்து, ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டு மேடையில் அமர்த்தியிருந்தார்கள். எதிர்த்துக் குரல் கொடுத்தது ஒருபுறம். ஆனால் எங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கு முன், ஏற்றுக்கொள்ளத் தக்கவர்களாக நாம் இருக்கிறோமா என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள். பள்ளியைக் கல்லூரியாக்க முனைந்ததன் காரணம் அதுவே.

டில்லி கரோல் பாகில் ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரிக்கு 1916 மார்ச் 29 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். கட்டடம் முடிந்து 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தியடிகள். வைஸ்ராய் நட்ட கல்லில் எழுந்த கட்டடத்தைக் காந்தியடிகள் திறந்தார் என்ற ஒன்றே, அந்த ஐந்தாண்டுகளில் நாடும் ஹகீம் சாகிபும் எவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள் என்பதைக் காட்டும். முஸ்லிம் மாணவர்களும் ஹிந்து மாணவர்களும் ஒரே வளாகத்தில் படித்தனர். உடற்கூறும் அறுவையும் பாடத்தில் சேர்க்கப்பட்டன. பழமைவாதிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அன்னார் அதைப் பொருட்படுத்தவில்லை. கல்லூரி வந்ததால் மதப் ஒழிந்துவிடவுமில்லை. மாணவர்கள் வகுப்பறையில் கேட்டதை நோயாளியின் அருகில் நின்று பார்க்கவும் வேண்டும் என்பது நிலைத்தது.

அரசியலைப் பற்றி விரிவாக எழுத இது இடமன்று. அரசாங்கம் 1908-ல் அளித்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தை 1920-ல் துறந்தார்கள். 1919-ல் அமிர்தசரஸில் முஸ்லிம் லீக் மாநாட்டுக்கும், 1921-ல் அஹமதாபாத்தில் காங்கிரஸ் மாநாட்டுக்கும் தலைமை வகித்தார்கள். 1920-ல் தோன்றிய ஜாமிஆ மில்லியாவின் முதல் வேந்தர் அவர்களே. அது அலிகாரில் தள்ளாடியபோது 1925-ல் டில்லிக்குக் கொண்டுவந்து, தம் கைப்பொருளையும் செலவிட்டுக் காத்தார்கள். இவ்வளவையும் சுமந்த ஒருவர் மதபையும் கல்லூரியையும் முன்போல் கவனித்திருக்க முடியுமா என்ற ஐயம் நமக்கு உண்டு. இறுதி ஆண்டுகளில் இதயநோய் வாட்டியது.

ஆனால் ஒரு வழக்கத்தை அவர்கள் விடவில்லை. டில்லிக்குத் தம்மைத் தேடி வரும் நோயாளி யாராயினும் கட்டணம் கிடையாது. வெளியூருக்கு அழைக்கும் ராஜாக்களிடமும் செல்வந்தர்களிடமும் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்! அன்றைய ஆயிரம் ரூபாய் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை.

அவர்கள் கண்டெடுத்த கடைசி முத்து ஸலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற இளைஞர். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் இரசாயனம் பயின்ற அவரைக் கொண்டு திப்பியா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க வேண்டும் என்பது ஹகீம் சாகிபின் விருப்பம். அது நிறைவேறுவதைக் காணுமுன், 1927 டிசம்பர் 29 அன்று ராம்பூரில் வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா டில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. சித்தீகி வாக்குத் தவறவில்லை. ஹகீம்கள் காலங்காலமாகக் கையாண்ட சர்ப்பகந்தி வேரை எடுத்து ஆராய்ந்து, 1931-ல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தம் புரவலரின் பெயரால் அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறிய இன்றும் சில நாடுகளில் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

நம் ஊர்ப் பக்கம்

டில்லியில் கல்லூரி திறந்த அதே 1921-ல் சென்னை அரசாங்கம் நாட்டு வைத்திய முறைகளை ஆராய முஹம்மது உஸ்மான் சாகிப் அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923-ல் அறிக்கை வந்தது. அதன் பயனாகச் சென்னையில் தொடங்கிய இந்திய வைத்தியப் பள்ளியில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் கற்பிக்கப்பட்டன. 1979-ல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தனியாகவே ஏற்பட்டு, அரும்பாக்கத்தில் நடந்து வருகிறது. படிப்பு நாலரை ஆண்டு. அதன்பின் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி. மத்திய அரசின் யூனானி ஆராய்ச்சி நிலையமோ நமக்கு இன்னும் அருகில், இராயபுரத்திலேயே இருக்கிறது.

இனி அந்தப் பையனின் கேள்விகளுக்கு வருவோம். மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அபூதாவூத், நஸயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் காணலாம். சட்ட மேதைகள் இதை வைத்தே, தகுதியுள்ளவர் முறைப்படி செய்து பலிக்காமற்போனால் அவர்மீது குற்றமில்லை என்றும், தகுதியற்றவர் நல்லெண்ணத்தோடு செய்தாலும் நஷ்டஈட்டுக்கு உரியவர் என்றும் வகுத்தனர். நிய்யத் சுத்தமாயிருப்பது இங்கே போதாது. அதே வேளையில், மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரும் கற்கவில்லை என்றால் ஊரே குற்றவாளி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எல்லாரும் சட்டக்கலைக்கே ஓடுகிறார்கள், பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லையே என்று வருந்தி எழுதினார்கள்.

ஆகவே நாம் அவனிடம் இரண்டையும் சொன்னோம். புண் கட்டவும் நோயாளியிடம் இதமாகப் பேசவும் கற்றது கல்விதான், அதில் சந்தேகமில்லை. டாக்டர் இல்லாத நேரத்தில் தானாக ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் ஆகாது; அதை அன்றே நிறுத்த வேண்டும். அவனுக்கு முகம் வாடியது. மாதம் ஏதோ கையில் வந்துகொண்டிருந்ததல்லவா?

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது நியாயமன்று என்று ஜமாஅத்தில் சிலரோடு கலந்து பேசினோம். 1948-ம் ஆண்டின் பார்மஸி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதார் மருந்து கலந்து கொடுத்தல் குற்றம். பழைய காலத்துக் கம்பவுண்டர்போல் பழக்கத்தாலேயே உயர்வதற்கு இன்று வழியில்லை. ஆனால் ப்ளஸ் டூவில் அறிவியல் படித்தவருக்கு இரண்டாண்டு டிப்ளமோ உண்டு. அது முடிந்ததும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. மதபில் சரக்கு இனம் காணும் பாடமும் நுஸ்கா படிக்கும் பாடமும் புது உருவில் அங்கே இருக்கின்றன. திருத்த ஆளும் உண்டு, முடிவில் காகிதமும் உண்டு. ஜகாத் நிதியிலிருந்து கட்டணத்துக்கு ஏற்பாடாயிற்று. முதலில் சிலர் முணுமுணுத்தனர். மதரஸாப் பிள்ளைக்குத்தான் கொடுக்கலாமே என்றனர். ஆலிம் ஒருவர் தலையிட்டு, ஏழை என்ற தகுதி இருந்தால் போதும் என்று தீர்த்து வைத்தார்.

பையன் இப்போது அந்த 500 மணி நேரத்தில் இருக்கிறான். காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறிப் போய், மாலையில்தான் திரும்புகிறான். மாத்திரை அட்டையைத் தவறாக எடுத்து வைத்து, மூத்த மருந்தாளுநரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சென்ற வாரம் சிரித்தபடி சொன்னான். பழைய பழக்கத்தில் ஊசி போட்டுக்கொள்ள இன்னமும் மஃரிபுக்குப் பின் வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு. அவர்களை அவனுடைய தாயார்தான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.